வெறும் வயிற்றில் போட்ட மாத்திரை

என் வீட்டில் யாரும் எனக்குத் தெரியாமல் வலி மாத்திரை போட்டுவிட முடியாது. மாத்திரைக் காகிதம் கிழிகிற சத்தம் கேட்டால் போதும், நான் எந்த மூலையில் இருந்தாலும் வந்து நிற்பேன். "சாப்பிட்டாச்சா?" என்று கேட்பேன். "காப்பி குடிச்சாச்சுங்க" என்று பதில் வரும். காப்பி சாப்பாடா? கையில் இருக்கிற மாத்திரையைப் பிடுங்கி வைத்துக்கொண்டு, தட்டில் இரண்டு இட்டிலியாவது போட்டு, தின்று முடிக்கிற வரைக்கும் எதிரிலேயே உட்கார்ந்திருப்பேன். மருமகள்கள் சிரிப்பார்கள். பெரியவள் ஒரு நாள் பக்கத்து வீட்டுக்காரியிடம், "எங்க அத்தை மாத்திரைக்குப் போலீசுங்க" என்று சொன்னது என் காதில் விழுந்தது. சொல்லிக்கொள்ளட்டும். அவள்மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை. என் கோபம் வேறு இடத்தில் இருக்கிறது. வெள்ளைக்காரன் காலத்தில், மில்லுகள் ஒவ்வொன்றாகப் புகை விட ஆரம்பித்திருந்த அந்த முப்பதுகளில் வந்த கோபம் அது. இத்தனை வருடம் ஆகியும் ஆறவில்லை. ஆறவேண்டும் என்று நான் நினைத்ததும் இல்லை.

அக்காவைப் பற்றிச் சொல்கிறேன். என்னைப் பீளமேட்டில் கட்டிக்கொடுத்திருந்தார்கள். என் வீட்டுக்காரர் அங்கே ஒரு மில்லில் ஃபிட்டர். அக்காவைக் கொடுத்தது பீளமேட்டுக்குக் கிழக்கே ஒரு பண்ணயத்து வீட்டில். விடிந்ததும் வண்டி கட்டினால் வெயில் ஏறுவதற்குள் போய்ச் சேர்ந்துவிடலாம். கிணறு, காடு, எருமை, பருத்தி என்று எல்லாம் உள்ள வீடு. இல்லாதது ஆள் உதவி ஒன்றுதான். அக்காவின் ஒரே மகளையும் சின்ன வயதிலேயே கட்டிக்கொடுத்து அனுப்பிவிட்டார்கள். வீட்டில் மிச்சம் இருந்தது அக்கா, அவள் வீட்டுக்காரர், அவருடைய அம்மா. காட்டு வேலைக்குப் பண்ணையாட்கள் உண்டு. வீட்டு வேலைக்கு அக்கா மட்டும்தான்.

அவளுக்கு முப்பத்தைந்து வயதுகூட ஆகியிருக்காது, விரல் கணுக்கள் வீங்க ஆரம்பித்தன. முதலில் வலது கை, பிறகு இரண்டு கையும், பிறகு மணிக்கட்டு, முழங்கால். பகலில் ஓரளவு பரவாயில்லை. விடியக்காலையில்தான் கொடுமை. எழுந்ததும் விரல் மடங்காது. உள்ளங்கையை மூட முடியாது. எருமையின் காம்பைப் பிடிக்க வேண்டும், மோர் சிலுப்புகிற கயிற்றை இழுக்க வேண்டும், கிணற்றில் தண்ணீர் சேந்த வேண்டும். எல்லாம் அந்த நேரத்து வேலை. சுடுதண்ணீரில் கையை முக்கி வைத்துக்கொண்டு, பல்லைக் கடித்துக்கொண்டு விரல்களை ஒவ்வொன்றாக இன்னொரு கையால் மடக்குவாள். நொச்சி ஒத்தடம் கொடுத்தார்கள். முடக்கத்தான் ரசம் வைத்தார்கள். ஊர் வைத்தியர் செந்தூரம் கொடுத்தார், கசாயம் கொடுத்தார். ஒன்றுக்கும் கேட்கவில்லை.

ஒரு நாள் மோர்ப்பானை கைநழுவி உடைந்தது. அதற்குப் பிறகுதான் அந்த வீட்டில் டாக்டரைப் பற்றிப் பேச்சு வந்தது. கை போனபோது வரவில்லை, பானை போனபோது வந்தது. இதை நான் அப்போதே அவர்கள் முகத்துக்கு நேராகச் சொன்னேன். யாருக்கும் பிடிக்கவில்லை.

அக்கா வீட்டுக்காரர் அவளைக் கோயமுத்தூர் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனார். நானும் கூடப் போனேன். டாக்டர் பொறுமைசாலி. விரல் ஒவ்வொன்றையும் தொட்டுப் பார்த்தார். காலையில் எவ்வளவு நேரம் விறைப்பாக இருக்கிறது என்று கேட்டார். பிறகு ஆஸ்பிரின் மாத்திரை எழுதினார். எழுதிவிட்டு எங்கள் மூன்று பேரையும் பார்த்து நிறுத்தி நிதானமாகச் சொன்னார்.

"இது நல்ல மருந்துங்க. வீக்கத்தையும் குறைக்கும், வலியையும் குறைக்கும். ஆனா வயித்துக்குக் கொஞ்சம் பொல்லாதது. வயிறு காலியா இருக்கும்போது உள்ளே போனா, உள் தோலைப் புண்ணாக்கிடும். அதனால சாப்பிட்ட பிறகுதான் போடணும். நிறையத் தண்ணி குடிக்கணும், பால் இருந்தா இன்னும் நல்லது. வலி அதிகமா இருக்கிற நாளைக்கு மட்டும் போடுங்க. நீங்களா ஒண்ணை ரெண்டாக்க வேண்டாம். நெஞ்சு கரிச்சாலோ வயிறு வலிச்சாலோ நிறுத்திட்டு எங்கிட்ட வாங்க."

"சரிங்க" என்றார் அக்கா வீட்டுக்காரர். "சரிங்க" என்றாள் அக்கா. இதில் புரியாதது என்ன இருக்கிறது, சொல்லுங்கள். எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கும் புரிகிற பேச்சு. எல்லோருக்கும் புரிந்துதான் இருந்தது. அதுதான் எனக்கு ஆற மாட்டேன் என்கிறது.

மாத்திரைக்குக் கேட்டது. கேட்டது என்றால் அப்படிக் கேட்டது. கொஞ்ச நாளில் அக்காவிடமிருந்து ஆள் மூலமாகச் செய்தி வந்தது, கை மடங்குகிறது, நானே மாவு ஆட்டுகிறேன் என்று. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. தைப்பொங்கல் நோம்பிக்கு அவள் வீட்டுக்குப் போனேன். அவள் கையைப் பிடித்துப் பார்த்தேன். வீக்கம் நன்றாகவே வடிந்திருந்தது. அவள் மாமியார், நானும் அத்தை என்றுதான் கூப்பிடுவேன், வருகிறவர் போகிறவரிடமெல்லாம், "எம்மருமவளுக்கு இங்கிலீசு மருந்து வாங்கிக் குடுத்துப்போட்டமுங்க" என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

மறுநாள் விடியக்காலை சத்தம் கேட்டு எழுந்தேன். அக்கா சமையல்கட்டில் நின்றுகொண்டு, செம்புத் தண்ணீரில் மாத்திரை விழுங்கிக்கொண்டிருந்தாள். ஒன்றல்ல, இரண்டு.

"அக்கா, எதாச்சும் சாப்பிட்டயா?" என்றேன்.

"இந்நேரத்துக்கு ஆரு கண்ணு சாப்பிடறாங்க?"

"டாக்டரு என்ன சொன்னாரு?"

"சாப்பிட்டுப்போட்டுத்தான் போடச் சொன்னாரு. நான் சாப்பிட உக்காரறப்ப உச்சிப்பொழுது ஆயிருமே கண்ணு. அதுக்குள்ள பால் கறக்கறது ஆரு, மோரு சிலுப்பறது ஆரு? இதைப் போட்டாத்தான் கை மடங்குது."

"அப்ப இப்பவே ரண்டு வாய் தின்னுபோட்டுப் போடு. நேத்துத்த கம்மஞ்சோறு இருக்குது. மோரு இருக்குது. கரைச்சுக் குடிக்க எத்தனை நேரமாகும்?"

அக்கா என்னை ஒரு மாதிரி பார்த்தாள். நான் ஏதோ கோயில் நகையைத் திருடச் சொன்ன மாதிரி.

"ஆம்பளைங்க வாயில சோறு போறதுக்கு முன்னால நான் எப்படிக் கண்ணு சோத்துக் கும்பாவைத் தொடறது?"

அந்த வீட்டு வழக்கம் எனக்குத் தெரியாதது இல்லை. எங்கள் பக்கத்து வீடுகள் எல்லாவற்றிலும் அதே வழக்கம்தான். ஆண்கள் கிணற்றடியில் தண்ணீர் இறைத்துவிட்டு வந்து சாப்பிடுவார்கள். பிறகு பண்ணையாட்களுக்கு ஊற்ற வேண்டும். பிறகு மாமியார். கடைசியில் மருமகள். அதற்குள் சோறு மிச்சம் இருந்தால் சோறு, இல்லையென்றால் நீராகாரம். சும்மா இருக்கிற வயிறு என்றால் தாங்கிக்கொள்ளும். தினமும் விடியக்காலையில் அந்த மாத்திரையைப் போட்டுவிட்டு உச்சி வரைக்கும் காய்ந்து கிடந்தால் எந்த வயிறு தாங்கும்?

பேச்சுச் சத்தம் கேட்டு அத்தை வந்தார். நான் அவரிடமே சொன்னேன். அவர் கோபப்படவில்லை. சின்னப் பிள்ளைக்குச் சொல்கிற மாதிரி எனக்குச் சொன்னார்.

"மருந்துன்னா வெறும் வவுத்துலதான் அம்மிணி ஒடம்புல சேரும். கசாயத்தை ஆராச்சும் சோறு தின்னுபோட்டுக் குடிப்பாங்களா?"

"அது கசாயமுங்க அத்தை. இது வேற மருந்து. இதை வெறும் வவுத்துல போடவே கூடாதுன்னு டாக்டரு சொல்லியிருக்கறாரு."

"அவரு அவிய ஊட்டு வழக்கத்தைச் சொல்லியிருப்பாரு. நம்மூட்டுக்கு நம்ம வழக்கம்."

இதற்கு மேல் என்ன பேசுவது? வயிற்றுக்குள் இருக்கிற தோலுக்கு ஒரு வீட்டு வழக்கம், இன்னொரு வீட்டு வழக்கம் என்று இருக்கிறதா? எனக்கு வந்த ஆத்திரத்தில் நேராகக் கிணற்றடிக்குப் போனேன். அக்கா வீட்டுக்காரர் காளைகளைப் பூட்டிக்கொண்டிருந்தார்.

"மாமா, டாக்டரு சொன்னதை நீங்களும் கேட்டுட்டுத்தானுங்க இருந்தீங்க" என்றேன்.

"கேட்டனே அம்மிணி. வந்த அன்னைக்கே அம்மாகிட்ட அப்படியே சொல்லிப்போட்டேன்."

"சொன்னீங்க, சரி. அவ சாப்பிட்டுப் போடறாளான்னு பார்த்தீங்களா?"

"சமையக்கட்டு வெவகாரத்துல நான் என்னத்தைப் பேசறது?" என்று சொல்லிவிட்டுக் காளைகளை ஓட்டினார்.

நல்ல மனிதர். ஊரில் எல்லோரும் அப்படித்தான் சொல்வார்கள். குடிக்க மாட்டார், கை ஓங்க மாட்டார், பெண்டாட்டிக்கு டவுனில் இருந்து மருந்து வாங்கி வருவார். உண்மைதான். மாத்திரை தீரத் தீர வாங்கி வந்தார். கடையில் யாருக்கு என்று கேட்கவில்லை, எவ்வளவு நாளாக என்று கேட்கவில்லை, டப்பாவை எடுத்துக் கொடுத்தார்கள். திரும்பவும் டாக்டரிடம் போய்க் காட்டவேண்டும் என்று அவருக்குத் தோன்றவே இல்லை. கை மடங்குகிறது, மோர் சிலுப்பப்படுகிறது, இனி டாக்டர் எதற்கு? அந்த மாத்திரையை அவர்கள் அக்காவுக்கு வாங்கவில்லை. மோர்ப்பானைக்கு வாங்கினார்கள். இதை நான் எந்தச் சபையில் வேண்டுமானாலும் சொல்வேன்.

அன்று ஊருக்குக் கிளம்பும்போது அக்காவைத் தனியாகக் கூப்பிட்டு, ராத்திரியே ஒரு பிடி பொரிகடலையை முந்தானையில் முடிந்து வைத்துக்கொள், விடிந்ததும் அதைத் தின்றுவிட்டு மாத்திரை போடு என்று சொன்னேன். மகராசி சிரித்தாள். "திருட்டுத்தனமாத் தின்னு எனக்குப் பழக்கமில்ல கண்ணு" என்றாள். அவளுடைய நல்ல குணத்தை நினைத்தால் எனக்குப் பெருமையாக இருக்க வேண்டும். எனக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டுதான் வருகிறது.

அடுத்து நாங்கள் பார்த்துக்கொண்டது சென்னிமலையில். மருமகள் கை தேறினால் கிருத்திகைக்கு மலை ஏற்றுகிறேன் என்று அத்தை முருகனுக்கு வேண்டியிருந்தார். அவர் கணக்கில் கை தேறியதற்குக் காரணம் முருகன், மாத்திரை இல்லை. ஆனால் மாத்திரையை நிறுத்தவும் இல்லை. அக்கா, அவள் வீட்டுக்காரர், அத்தை மூன்று பேரும் போனார்கள். நானும் சேர்ந்துகொண்டேன். முந்தின நாள் பொழுதோடு போய், மலை அடிவாரத்தில் ஒரு மடத்தில் தங்கினோம்.

காலையில் அக்காவைப் பார்த்ததும் எனக்கு என்னவோ போல் இருந்தது. கை வீக்கம் இல்லை, சரி. முகத்தில் இரத்தம் என்பதே இல்லை. உதடு வெளுத்திருந்தது. நின்றால் தூணைப் பிடித்துக்கொண்டாள். அடிக்கடி மேல்வயிற்றில் கையை வைத்து அழுத்திக்கொண்டாள். கேட்டால், "நெஞ்சு கரிக்குது கண்ணு, ஒண்ணுமில்ல" என்றாள். அன்று கிருத்திகை விரதம். பொழுது சாய்கிற வரைக்கும் பச்சைத் தண்ணீர்தான். படி ஏற வேண்டும், முழங்கால் வலிக்கும் என்று அத்தனை பேர் முன்னாலும் மூன்று மாத்திரையை எடுத்து வாயில் போட்டாள்.

நான் கையில் இருந்த வாழைப்பழத்தை உரித்து நீட்டினேன்.

"விரதத்துல குறை வெச்சராத அம்மிணி" என்றார் அத்தை.

"முருகன் கோவிச்சுக்க மாட்டாருங்க. நான் சொல்லிக்கறேன் அவருகிட்ட."

"வேண்டாம் கண்ணு" என்று அக்காவே என் கையைத் தள்ளினாள்.

பாதிப் படியில் உட்கார்ந்துவிட்டாள். வியர்த்துக் கொட்டியது. அவள் பக்கத்தில் நானும் உட்கார்ந்தேன். மற்ற இருவரும் நாலு படி மேலே நின்றார்கள். அப்போதுதான் என் காதோடு சொன்னாள், கொஞ்ச நாளாகவே வெளிக்குப் போனால் கருப்பாகப் போகிறது, தார் மாதிரி ஒட்டுகிறது என்று. அதைச் சொல்லவே அவளுக்கு அவ்வளவு வெட்கம். எனக்கு மருத்துவம் ஒன்றும் தெரியாது. ஆனால் இது சரியில்லை என்று தெரிந்தது. உடனே எழுந்து போய் அத்தையிடம் சொன்னேன்.

"அது தெரியும் அம்மிணி" என்றார் அவர். "வைத்தியரு குடுத்த செந்தூரத்தைத் தின்னப்பவும் அப்படித்தான் போச்சு. கெட்டதெல்லாம் எறங்குது."

அவர் சொன்னது முழுப் பொய்யும் இல்லை. இரும்புச் செந்தூரம் சாப்பிட்டால் கருப்பாகத்தான் போகும், எல்லோருக்கும் தெரிந்த விஷயம். அவள் செந்தூரத்தை நிறுத்தி எத்தனையோ மாதம் ஆகியிருந்தது. நிறுத்திய மருந்து எப்படி இப்போது நிறம் காட்டும் என்று அந்த வீட்டில் ஒருவருக்கும் கேட்கத் தோன்றவில்லை. நான் கேட்டேன். படியில் போகிறவர்கள் திரும்பிப் பார்க்கிற அளவுக்குக் குரல் உயர்த்தித்தான் கேட்டேன்.

"கோயில்ல வந்து சத்தம் போடாத அம்மிணி" என்றார் அக்கா வீட்டுக்காரர். "ஊருக்குப் போயி பருத்தி எடுப்பு முடியட்டும். நானே டாக்டருகிட்டக் கூட்டிட்டு வாரேன்."

"பருத்தி காத்திருக்கும் மாமா. இவ காத்திருக்க மாட்டா."

"முடிச்சுப்போட்டு வாரேன்னு சொல்றனில்ல" என்றார். அக்கா மெல்ல எழுந்து, ஒவ்வொரு படியாக உட்கார்ந்து உட்கார்ந்து உச்சி வரைக்கும் ஏறினாள். வேண்டுதல் நிறைவேறிவிட்டது.

பருத்தி எடுப்பு முடியவில்லை. அதற்குள் ஒரு நாள் முற்பகலில் எங்கள் வாசலில் வண்டி வந்து நின்றது. வைக்கோல்மேல் அக்கா படுத்திருந்தாள். அக்கா வீட்டுக்காரரின் வேட்டியில் கறை. காலையில் மோர் சிலுப்பிக்கொண்டிருந்தவள் அப்படியே வாந்தி எடுத்தாளாம், காப்பித்தூளைக் கரைத்த மாதிரி, கூடவே கட்டி கட்டியாக. வாந்தி எடுத்த இடத்தைத் துடைத்துவிட்டுத்தான் படுத்தாளாம். நான் வண்டியில் ஏறி அவள் தலையை மடியில் வைத்துக்கொண்டேன். ஆஸ்பத்திரி போய்ச் சேருகிற வரைக்கும் அவள் கையைத்தான் பார்த்துக்கொண்டு வந்தேன். விரல்கள் எல்லாம் அழகாக மடங்கி இருந்தன.

அதே டாக்டர்தான் இருந்தார். கண் இமையைக் கீழே இழுத்துப் பார்த்தார். உள்ளே சுண்ணாம்பாக வெளுத்திருந்தது. நாடியைப் பிடித்தார். வயிற்றைத் தொட்டார். பிறகு அக்கா வீட்டுக்காரரைக் கேட்டார், எவ்வளவு நாளாக மாத்திரை போடுகிறார்கள், எத்தனை போடுகிறார்கள் என்று. அவர் சொல்லச் சொல்ல டாக்டரின் முகம் மாறியது.

"தினமுமா?"

"தெனமுமுங்க. வேலை இருக்குதுங்களே."

"மலம் கருப்பாப் போச்சா?"

"போச்சுங்க. செந்தூரம் தின்ன சூடுன்னு நெனச்சோம்."

"அது ரத்தம்ங்க. வயித்துல புண்ணாகிக் கசியற ரத்தம் கீழே வரும்போது கருப்பாயிடும். அன்னைக்கே வந்திருந்தா மாத்திரையை நிறுத்தி, பாலும் மருந்தும் கொடுத்து ஆத்தியிருக்கலாம்." பிறகு கேட்டார். "சாப்பிட்டுட்டுத்தானே போட்டாங்க?"

அக்கா வீட்டுக்காரர் தரையைப் பார்த்தார்.

"எங்கூட்டுல பொம்பளைங்க மொதல்ல சாப்பிடற வழக்கமில்லீங்க."

டாக்டர், "உங்க வழக்கம் மாத்திரைக்குத் தெரியாதுங்களே" என்றார். கத்தவில்லை. களைத்துப்போன குரலில் சொன்னார். நான் அவரிடம் கேட்டேன், ஒரு வாய் சோறு தின்றுவிட்டுப் போட்டிருந்தால் இப்படி ஆகியிருக்காதா என்று. அவர் என்னைத் தேற்றுவதற்காக எதையும் கூட்டிச் சொல்லவில்லை, குறைத்தும் சொல்லவில்லை. சாப்பிட்டுப் போட்டாலும் சில பேருக்கு இந்த மருந்து ஒத்துக்கொள்வதில்லை, அதனால்தான் நெஞ்சு கரித்தால் நிறுத்திவிட்டு வரச் சொன்னேன், ஆனால் வெறும் வயிற்றில், தினமும், இத்தனை இத்தனையாகப் போட்டால் இரும்பு வயிறாக இருந்தாலும் புண்ணாகும் என்றார்.

மாத்திரைமேல் எனக்குக் கோபம் இல்லை. அன்றைக்கும் இல்லை, இன்றைக்கும் இல்லை. எனக்கே இப்போது முழங்கால் வலிக்கும்போது, சாப்பிட்டுவிட்டு, டாக்டர் சொன்ன அளவுக்குப் போட்டுக்கொள்கிறேன், வலி விட்டதும் நிறுத்திக்கொள்கிறேன். அது தன் வேலையைச் செய்கிறது. அக்காவுக்கும் செய்தது. தன் வேலையைச் செய்யாதவர்கள் சுற்றி இருந்த மனிதர்கள்.

வார்டில் அவளைப் படுக்க வைத்தார்கள். ஆறிய பாலைக் கரண்டியில் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுக்கச் சொன்னார்கள். நான் கரண்டியை உதட்டருகே கொண்டு போனேன். அவள் வாயைத் திறக்கவில்லை. கண்ணைத் திருப்பிச் சுவரோரம் நின்ற தன் வீட்டுக்காரரைப் பார்த்தாள்.

"அவிய காத்தாலிருந்து ஒண்ணுமே சாப்பிடுல கண்ணு. மொதல்ல அவியளுக்கு எதாச்சும் வாங்கிக் குடு."

எனக்கு அவளை அறைய வேண்டும் போல் இருந்தது. சாகக் கிடக்கிறவளை. கட்டிக்கொண்டு அழவும் வேண்டும் போல் இருந்தது. இரண்டும் செய்யவில்லை. அக்கா வீட்டுக்காரரைப் பார்த்து, "போயி எதையாச்சும் தின்னுபோட்டு வந்து இவகிட்டச் சொல்லுங்க மாமா. நீங்க தின்னாத்தான் இவ வாயைத் தெறப்பா" என்றேன். அவர் போனார். எதிரில் இருந்த கடையில் எதையோ வாயில் போட்டுக்கொண்டு ஓடி வந்தார். வந்து, "சாப்பிட்டேன், நீ குடி" என்றார். அழுதுகொண்டேதான் சொன்னார். அவள் நாலு கரண்டி பால் குடித்தாள். மறுநாள் திரும்பவும் இரத்த வாந்தி எடுத்தாள். பொழுது இறங்குவதற்குள் போய்விட்டாள்.

கருமாதிக்குப் போனேன். போகக் கூடாது என்றுதான் இருந்தேன், என் வீட்டுக்காரர்தான் சொல்லி அழைத்துப் போனார். நல்ல கூட்டம். அக்காவின் கைப்பக்குவத்தைப் பற்றிப் பேசாதவர் இல்லை. தங்கமான மருமகள், அதிர்ந்து பேசாதவள் என்றெல்லாம் சொன்னார்கள். தலைவாழை இலை போட்டுப் படையல் வைத்தார்கள். அவளுக்குப் பிடித்தது எல்லாம் சமைத்திருந்தார்கள். பச்சரிசிச் சோறு, கொள்ளுப் பருப்பு, பச்சைப்புளி ரசம், ஒப்பிட்டு என்கிற போளி, கெட்டித் தயிர். அவளுக்கு என்ன பிடிக்கும் என்று அந்த வீட்டுக்குத் தெரிந்திருக்கிறது.

அதில் ஒரு பிடி எடுத்துக் கொல்லைச் சுவர்மேல் வைத்துவிட்டு எல்லோரும் காகத்துக்காக நின்றார்கள். காகம் வரவில்லை. வேலி மரத்தில் இரண்டு உட்கார்ந்திருந்தன, இறங்கவில்லை. வெயில் ஏறியது. பந்தியில் ஆண்கள் இலை முன்னால் உட்கார்ந்துவிட்டார்கள். சோறும் விழுந்துவிட்டது. கூடி வந்தவர்களுக்கெல்லாம் பசி. ஒரு பெரியவர், காலையில் இருந்து வெறும் வயிறு, தலை சுற்றுகிறது, நாங்கள் ஆரம்பிக்கட்டுமா என்று கேட்டார்.

அத்தை சுவரை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. அழுது அழுது குரல் போயிருந்தது. இருந்தும் எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார்.

"அவ சாப்பிடாம ஆரும் எலையில கை வெக்கக்கூடாதுங்க."

அத்தனை ஆண்களும் சோற்றின்மேல் போன கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். அக்கா வீட்டுக்காரரும் அவர்களில் ஒருவராக உட்கார்ந்திருந்தார்.

"இதை அவ இருக்கறப்பச் சொல்லியிருக்கலாமுங்க அத்தை" என்றேன். சத்தமாகத்தான் சொன்னேன்.

அத்தை என்னைத் திரும்பிப் பார்த்தார். அந்த நேரத்தில் ஒரு காகம் இறங்கி வந்து சுவர்மேல் இருந்த சோற்றைக் கொத்தியது. அப்பாடா என்று எல்லோரும் சாப்பிட ஆரம்பித்தார்கள். பெண்களுக்கு அடுத்த பந்தி என்றார்கள். நான் உட்காராமல் பீளமேட்டுக்கு நடந்தேன்.